நாயின் பெயர் கல்லில் இருக்கிறது
ஜவ்வாது மலையின் முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பிகளே, தங்கைகளே,

ஜமுனாமரத்தூரிலிருந்தும் புதூர்நாட்டிலிருந்தும் நெல்லிவாசலிலிருந்தும் பஸ் பிடித்து இறங்கி, போளூர், திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் என்று ஏதேதோ விடுதிகளில் தங்கிப் படித்து, வீட்டில் முதல் ஆளாகப் பட்டம் வாங்கியவர்கள் நீங்கள். சிலர் இனிமேல்தான் வாங்கப் போகிறீர்கள். உங்களிடம் ஒரு வேலை சொல்லத்தான் இதை எழுதுகிறேன். சம்பளம் கிடையாது. உங்கள் ஊரின் வரலாற்றை நீங்கள் எழுத வேண்டும். மலை முழுவதற்கும் வேண்டாம், உங்கள் ஊருக்கு மட்டும். முப்பது வீடு உள்ள ஊரானாலும் சரி.

‘அதற்கெல்லாம் படித்த ஆட்கள் இருக்கிறார்களே’ என்று தோன்றும். இருக்கிறோம். கீழே இருந்து ஏறி வருகிற நாங்கள் நூற்று நாற்பது ஆண்டுகளாக உங்கள் மலையைப் பற்றி எழுதிக்கொண்டுதான் இருக்கிறோம். எழுதியதை எடுத்துப் படித்தால்தான் எது விட்டுப்போயிருக்கிறது என்பது தெரியும். அந்த விட்டுப்போனதைப் பற்றித்தான் இந்த மடல்.

1881-இல் ஏ. எஃப். காக்ஸ் என்ற வெள்ளைக்கார அதிகாரி வட ஆற்காடு மாவட்டக் கையேட்டைத் தொகுத்தார். பதின்மூன்று பதினான்கு ஆண்டுகள் கழித்து எச். ஏ. ஸ்டூவர்ட் அதைத் திருத்தி விரித்தார். அதிலிருந்து எடுத்து 1909-இல் எட்கர் தர்ஸ்டன் தம்முடைய சாதிகள், பழங்குடிகள் பற்றிய தொகுதிகளில் சேர்த்த கதை ஒன்று உண்டு. உங்கள் தாத்தாக்கள் வேறு வேறு மாதிரி சொல்லியிருப்பார்கள். அச்சில் ஏறிய வடிவம் இது: சக ஆண்டு 1055, அதாவது கி.பி. 1132-இல், கங்குந்தி வேடர்கள் காஞ்சிபுரத்துக் காரைக்காட்டு வேளாளரிடம் பெண் கேட்டார்கள். கொடுக்கவில்லை. வேடர்கள் ஏழு பெண்களைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். அவர்களை மீட்க ஏழு ஆண்கள் ஏழு நாய்களோடு புறப்பட்டார்கள். ‘நாய்கள் மட்டும் திரும்பி வந்தால் நாங்கள் செத்தோம் என்று வைத்துக் கருமாதி செய்துவிடுங்கள்’ என்று மனைவிமாரிடம் சொல்லிவிட்டுப் போனார்கள். பாலாற்றில் வெள்ளம். ஆட்கள் எப்படியோ கரையேறிவிட்டார்கள். நாய்கள் பாதி ஆறு நீந்திவிட்டுத் திரும்பி வீட்டுக்கு வந்துவிட்டன. போனவர்கள் வேடர்களைக் கொன்றுவிட்டு ஊர் திரும்பினால், காரியமெல்லாம் முடிந்து மனைவிமார் தாலி அறுத்திருந்தார்கள். செத்தவர்களாகிவிட்ட ஆட்களை ஊர் சேர்த்துக்கொள்ளவில்லை. அவர்கள் வேடர் பெண்களைக் கட்டிக்கொண்டு ஜவ்வாது மலை ஏறிக் காடு கழனி செய்தார்கள். இன்று இந்த மலையில் வாழும் மலையாளிப் பழங்குடி மக்கள் அவர்கள் வழி வந்தவர்கள் என்று கதை முடிகிறது.

இந்தக் கதையை வைத்துக்கொண்டு எல்லோரும் ஒரே ஒரு கேள்வியைத்தான் கேட்டிருக்கிறார்கள்: மலையாளிகள் எங்கிருந்து வந்தார்கள்? காஞ்சிபுரத்திலிருந்து. அத்தோடு விஷயம் தீர்ந்தது. சக ஆண்டு 1055 என்று அவ்வளவு கறாராக யார் கணக்குச் சொல்லியிருப்பார்கள், மலையில் ஒரு கிழவரா, அல்லது கச்சேரியில் எழுதிக்கொண்டிருந்த குமாஸ்தாவா என்பதைக்கூட யாரும் துருவவில்லை. நான் சொல்ல வருவது அதுவும் அல்ல. கதையை அப்படியே நம்பினாலும், காஞ்சியிலிருந்து வந்தவர்கள் ஏழு ஆண்கள். அவர்கள் கட்டிக்கொண்ட பெண்கள் வேடர் பெண்கள், இந்தக் காடுகளை ஏற்கெனவே அறிந்தவர்கள். எந்தக் கிழங்கைத் தோண்டலாம், எந்த ஓடையில் சித்திரையிலும் தண்ணீர் நிற்கும் என்பதெல்லாம் அந்த ஏழு ஆண்களுக்கு யார் சொல்லிக் கொடுத்திருப்பார்கள்? கதையின்படியே பார்த்தாலும் உங்கள் வரலாற்றில் பாதி காஞ்சியிலிருந்து வரவே இல்லை. அந்தப் பாதியைப் பற்றி ஒருவரும் ஒரு வரி எழுதவில்லை.

இதற்கு நேர் எதிரான ஒரு சங்கதி செங்கம் பக்கத்தில் இருக்கிறது. 1970-களின் தொடக்கத்தில், இரா. நாகசாமி இயக்குநராக இருந்தபோது, தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை செங்கம் வட்டாரத்தைச் சல்லடை போட்டுத் தேடியது. மலையடிவாரத்து ஊர் ஊராகப் போய், வயல் வரப்பிலும் ஏரிக்கரையிலும் கிடந்த நடுகற்களைப் படித்து, 1972-இல் ‘செங்கம் நடுகற்கள்’ என்று நூலாகவே போட்டார்கள். பல்லவர் காலத்துக் கற்கள் அவை, வட்டெழுத்தில் எழுதியவை. பெரும்பாலும் ஒரே செய்திதான்: இன்ன அரசனின் இத்தனையாவது ஆட்சியாண்டில், இன்னாருடைய ஆள் இன்னான், மாட்டு மந்தையைக் கவரப் போய் அல்லது மீட்கப் போய்ச் செத்தான். அவற்றில் எடத்தனூர்க் கல் தனி. மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டு. வீரன் பெயர் கருந்தேவகத்தி. அவன் உருவத்துக்குப் பக்கத்தில் ஒரு நாய். நாய்க்கும் தனியாக ஓர் எழுத்துப் பொறிப்பு. கோவிவன் என்ற அந்த நாய் இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காவல் நின்றதாம்.

பாலாற்றில் திரும்பிப் போன ஏழு நாய்களையும், தென்பெண்ணைப் பக்கம் நகராமல் நின்ற இந்த ஒரு நாயையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1,400 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒரு நாயின் பெயர் நமக்குத் தெரிகிறது. மலையாளி மக்களின் தாய்மார் என்று கதை சொல்லும் வேடர் பெண்களில் ஒருத்தியின் பெயரும் தெரியாது. காக்ஸும் கேட்கவில்லை, ஸ்டூவர்ட்டும் கேட்கவில்லை, தர்ஸ்டனும் கேட்கவில்லை. பிறகு வந்த நாங்களும் கேட்கவில்லை.

மலையில் பழமைக்குக் குறைச்சல் இல்லை. சங்க இலக்கியத்தில் பெருங்கௌசிகனார் பாடிய மலைபடுகடாம், 583 அடிகள், செங்கண்மாவை ஆண்ட நன்னனிடம் பரிசு பெறப் போகும் கூத்தர்களுக்கு வழி சொல்லும் பாட்டு. அந்தச் செங்கண்மாதான் இன்றைய செங்கம் என்பார்கள். சேயாறு என்று அது சொல்லும் ஆறு, இன்றைக்கு உங்கள் மலையில் பிறந்து கீழே ஓடுகிற செய்யாறு. வழி பிரிகிற இடங்களில் பெயர் பொறித்த கற்கள் நிறைய நிற்கும் என்று அந்தப் புலவர் கூத்தர்களை முன்கூட்டியே தயார்ப்படுத்துகிறார். மலையடிவாரத்தில் இப்போது வேடியப்பன் கோயில் என்று கும்பிடுகிற இடங்கள் பலவற்றில் உள்ளே நிற்பது நடுகல்தான். மேலே உங்கள் ஊர்க் கோயில் சிலவற்றில், வழவழப்பாகத் தேய்த்த புதிய கற்காலக் கோடாரிகளைக் குவித்து வைத்துப் பொட்டிட்டுக் கும்பிடுகிறார்கள். திருப்பத்தூர்க் கல்லூரிப் பேராசிரியர்கள் இப்படிப் பல இடங்களைத் தேடிப் போய்ப் பதிவு செய்திருக்கிறார்கள். உழும்போது கொழுவில் தட்டுப்பட்ட கல்லைத் தூக்கி எறியாமல் சாமியிடம் கொண்டுபோய் வைத்த அந்த ஆள் யாரோ, எந்த அருங்காட்சியகமும் செய்யாத காரியத்தைச் செய்தார்.

கீழ்சிப்பிலி, பட்டறைக்காடு பக்கத்துக் கற்திட்டைகளைப் பற்றி உங்களுக்கே தெரியும். பெரிய பலகைக் கற்களை நான்கு புறமும் நிறுத்தி, மேலே ஒரு கல்லை மூடியாக வைத்த ஈமச் சின்னங்கள். இரும்புக் காலத்து மக்கள் இறந்தவர்களுக்காக எழுப்பியவை. ஊரில் குள்ளர் குகை என்கிறார்கள். சாண் உயர மனிதர்கள் அங்கே குடியிருந்தார்கள் என்று கதை. இப்போது பைக்கில் ஏறி வருகிற பையன்கள் டிரோனைப் பறக்கவிட்டு, குள்ள மனிதர்களின் மர்மம் என்று திகில் இசை போட்டு யூடியூபில் ஏற்றுகிறார்கள். சொன்னால் கோபித்துக்கொள்ளாதீர்கள், அந்த வீடியோக்களைவிட உங்கள் ஆயா சொன்ன குள்ளர் கதையே மேல். நமக்கு முன்னால் இங்கே வேறு ஆட்கள் இருந்தார்கள், இது அவர்கள் இடம், கல்லைப் பிரிக்கக் கூடாது என்பது அந்தக் கதைக்குள் இருக்கிறது. மூன்றாயிரம் ஆண்டு தாங்கிய கல் இந்தக் கதையின் காவலில்தான் தாங்கியிருக்கிறது. வீடியோ வந்த பிறகு மூடுகல்லைப் புரட்டிப் புதையல் தேடுகிறவர்கள் வருகிறார்கள்.

புதையல் என்றதும் கோவிலூர் நினைவுக்கு வரும். 2025 நவம்பரில் அங்கே ஆதி அருணாசலேஸ்வரர் கோயில் திருப்பணியின்போது மண்ணுக்குள் ஒரு பானையில் 103 பொற்காசுகள் கிடைத்தன. மாநிலம் முழுக்கச் செய்தித்தாள்களில் ஜவ்வாது மலையின் பெயர் வந்தது. நல்லதுதான். ஆனால் தங்கம் கிடைத்தால்தான் எங்களுக்கு உங்கள் மலையில் வரலாறு இருப்பது ஞாபகம் வருகிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். (என்றாவது ஒரு நாள் உங்களுக்கும் ஏதாவது தட்டுப்படலாம். 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டம் இன்னும் நடப்பில் இருக்கிறது. பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எது மண்ணில் கிடைத்தாலும் ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். வாயால் சொன்னால் போதாது, எழுதிக் கொடுக்க வேண்டும்.)

உங்கள் ஊரைப் பற்றிய அரசுத் தாள்களைத் தேடப் போனால் முதலில் ஒரு சிக்கல். மலை ஒன்று, காகிதம் பல இடத்தில். திருப்பத்தூர் வட்டம் 1911 வரை சேலம் மாவட்டத்தில் இருந்தது. ஆகவே புதூர்நாடு, நெல்லிவாசல், புங்கம்பட்டு பக்கத்துக்காரர்கள் காக்ஸைப் புரட்டிப் பயனில்லை; எச். லெ ஃபானு 1883-இல் வெளியிட்ட சேலம் கையேட்டைப் பார்க்க வேண்டும். போளூர்ப் பக்கத்து ஊர்களுக்கு வட ஆற்காடு. பிறகு 1989-இல் வட ஆற்காடு இரண்டாக உடைந்து ஒரு பாதி திருவண்ணாமலை ஆனது. 2019 நவம்பரில் வேலூர் மாவட்டம் மூன்றாகி, அதிலொன்று திருப்பத்தூர். இப்போது திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் என்று மூன்று ஆட்சியர் அலுவலகங்கள் இந்த மலையைப் பங்கு போட்டிருக்கின்றன. மலையில் அக்காள் ஒரு மாவட்டம், தங்கை கட்டிக்கொண்டு போன ஊர் இன்னொரு மாவட்டம். மாவட்ட வரலாறு எழுதுகிற எங்களுக்கு ஒவ்வொரு மாவட்டத்திலும் உங்கள் மலை ஓர் ஓரம்தான், கடைசி அத்தியாயத்தில் இரண்டு பக்கம். பழைய பதிவேடுகள் சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. ஆராய்ச்சி மாணவர் என்ற கடிதத்தோடு போனால் பார்க்கலாம். ஆனால் அங்கே ஓடிப்போவது இரண்டாவது வேலை. தாள் காத்திருக்கும்.

காத்திருக்காதவர்களிடம் முதலில் போங்கள். காவலூரையே எடுத்துக்கொள்ளுங்கள். கொடைக்கானலில் வேலை பார்த்த வானியலாளர் வைணு பாப்பு, தென்வானத்தையும் பார்க்கத் தோதான இருட்டான இடம் தேடி உங்கள் மலையைத் தேர்ந்தெடுத்தார். 1968-இல் 38 செ.மீ. தொலைநோக்கியோடு வானாய்வகம் வேலை தொடங்கியது. 1972-இல் ஜெர்மனியின் ஜெனா நகரத்து சைஸ் நிறுவனத்தில் செய்த ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்தது. வந்த அந்த ஆண்டே, வியாழனின் துணைக்கோளான கனிமீடுக்குக் காற்றுமண்டலம் இருப்பதற்கான தடயம் காவலூரிலிருந்து பிடிபட்டது. 1977 மார்ச்சில் ஒரு விண்மீனை யுரேனஸ் மறைத்தபோது அமெரிக்கக் குழு விமானத்தில் பறந்து பார்த்தது, காவலூர்க் குழு மலையில் நின்று பார்த்தது. யுரேனஸுக்கு வளையங்கள் உண்டு என்று உலகத்துக்குத் தெரியவந்தது அந்த மறைப்பில்தான். 1986 ஜனவரி 6-இல் ராஜீவ் காந்தி வந்து 2.34 மீட்டர் தொலைநோக்கியைத் தொடங்கி வைத்து அதற்கு வைணு பாப்புவின் பெயரைச் சூட்டினார். பாப்பு அதைப் பார்க்கவில்லை, 1982-லேயே போய்விட்டார். 1988 பிப்ரவரியில் காவலூரில் ஆர். ராஜமோகன் கண்டுபிடித்த குறுங்கோளுக்கு இராமானுஜன் என்று பெயர்.

இவ்வளவும் எனக்குத் தேதி வாரியாகத் தெரிகிறது, ஏனென்றால் எழுதி வைத்திருக்கிறார்கள். எழுதி வைக்காததைக் கேட்கிறேன், சொல்லுங்கள். வானாய்வகம் இருப்பது ஏறத்தாழ நாற்பது ஹெக்டேர் காட்டில். வானாய்வகத்துக்குப் போவதற்கு முன் அந்தக் காட்டு வழியாக எந்த ஊருக்கும் எந்த ஊருக்கும் ஒற்றையடிப் பாதை இருந்தது? யார் அங்கே மாடு மேய்த்தார்கள்? ஜெர்மனிக் கண்ணாடி மலை ஏறியபோது வண்டியைத் தள்ளியவர்கள், தொலைநோக்கிக் கூண்டு கட்ட மண் சுமந்தவர்கள், ராத்திரிக் காவல் இருந்தவர்கள் யார்? இரவெல்லாம் விழித்திருந்து பகலில் தூங்குகிற அந்த விஞ்ஞானிகளைப் பார்த்து ஊரில் என்ன பேசிக்கொண்டார்கள்? 1968-இல் இருபது வயது இளவட்டமாக இருந்தவருக்கு இப்போது எழுபத்தைந்து தாண்டியிருக்கும். அடுத்த கோடை விழாவுக்கு அவர் இருப்பார் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

சந்தனத்தைப் பற்றியும் கேளுங்கள். இது கஷ்டமான வேலை, ஏனென்றால் வாயைத் திறக்க மாட்டார்கள். ஒரு காலத்தில் ஜவ்வாது மலை என்றாலே சந்தனம்தான். திருப்பத்தூர் சந்தனக் கிடங்கில் அரசு ஏலம் விட்ட கட்டைகளில் உங்கள் மலை மரமும் சேர்த்தி. மரத்தை வளர்த்தது மலை, காத்தது மலை, விலை வைத்தது மட்டும் கீழே. 1882-ஆம் ஆண்டு சென்னைக் காட்டுச் சட்டம் வந்த பிறகு சொந்தக் காட்டில் நடமாடுவதே குற்றமாகிப் போனவர்கள் நீங்கள். பிறகு கடத்தல்காரர்கள் வந்தார்கள், மரம் போயிற்று, கேஸ் மட்டும் மலையில் தங்கியது. வெட்டத் தெரிந்த கைக்குச் செம்மரத்தில் கூலி உண்டு என்று தரகர்கள் வந்து கூப்பிட்டார்கள். 2015 ஏப்ரல் 7 விடியற்காலையில் திருப்பதிக்கு அருகே சேஷாசலம் காட்டில் ஆந்திர அதிரடிப்படை 20 பேரைச் சுட்டுக் கொன்றது. அத்தனை பேரும் தமிழ்நாட்டவர்கள், பாதிக்கு மேல் திருவண்ணாமலை மாவட்டம், ஜவ்வாது மலை ஊர்க்காரர்களும் அதில் உண்டு. என் கணக்கில் ஜவ்வாது மலையின் கடந்த ஐம்பது ஆண்டு வரலாறு என்றால், அதில் பாதி கூலிக்கு இறங்கிப் போனவர்களின் வரலாறு. காப்பித் தோட்டம், கட்டட வேலை, திருப்பூர்ப் பனியன் கம்பெனி. எந்த வருஷம் முதல் ஆள் போனார், யார் கூட்டிக்கொண்டு போனார், முன்பணம் எவ்வளவு, யார் திரும்பி வரவில்லை என்பதை உங்கள் ஊரில் சொல்ல ஆள் இருக்கிறார்கள். எந்த நடுகல்லும் இவர்களுக்கு நடப்படவில்லை. நீங்கள் எழுதினால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

‘எழுதி என்ன ஆகப் போகிறது’ என்று அப்பா கேட்டால், வன உரிமைச் சட்டத்தைக் காட்டுங்கள். 2006-இல் வந்த சட்டம், அதன் விதிகள் 2008-இல் வந்தன. அதில் 13-ஆம் விதி, உரிமை கோருகிறவர் என்னென்ன சான்று காட்டலாம் என்று சொல்கிறது. அரசுக் காகிதம் மட்டும் அல்ல. பழைய கிணறு, இடுகாடு, சாமி இடம் ஆகியவையும் சான்று. மனுதாரர் அல்லாத ஊர்ப் பெரியவர் சொன்னதை எழுத்தில் பதிந்து கொடுத்தால் அதுவும் சான்று. அதாவது உங்கள் தாத்தா திண்ணையில் உட்கார்ந்து ‘இந்தப் புளியமரத்தடியில்தான் எங்கள் பாட்டனைப் புதைத்தோம்’ என்று சொல்வதற்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது. அதை எழுதி வைக்க ஆள்தான் இல்லை.

இதை வேறு மலையில் பள்ளிப் பிள்ளைகளே செய்து காட்டியிருக்கிறார்கள். அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்தின் ரேபன் கவுண்டி அப்பலாச்சிய மலைத்தொடரில் இருக்கிறது. அங்கேயும் மலையாட்கள் என்றால் கீழே உள்ளவர்களுக்கு இளக்காரம்தான். 1966-இல் அங்கே ஒரு பள்ளியில் மாணவர்கள் ‘ஃபாக்ஸ்ஃபயர்’ என்று ஒரு பத்திரிகை தொடங்கினார்கள். கட்டுரைக்காக யாரையும் வெளியூரிலிருந்து கூப்பிடவில்லை. டேப் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக் கிழவர்களிடம் போனார்கள். மரக்கட்டையை அடுக்கி வீடு கட்டுவது எப்படி, பன்றி அறுத்துப் பதப்படுத்துவது எப்படி, கள்ளச்சாராயம் காய்ச்சுவது எப்படி, எந்த நோய்க்கு எந்த மந்திரம், எல்லாவற்றையும் அவர்கள் பேச்சு மாறாமல் எழுதினார்கள். 1972-இல் அது புத்தகமாக வந்து பல லட்சம் பிரதி விற்றது. வந்த காசில் மாணவர்கள் நிலம் வாங்கிப் பழைய மரவீடுகளைப் பெயர்த்துக் கொண்டுவந்து அங்கே நிறுத்தினார்கள். உங்கள் புத்தகம் லட்சம் பிரதி விற்காது, அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். ஆனால் அவர்களுக்கு டேப் ரெக்கார்டர் சுமை இருந்தது. உங்கள் சட்டைப் பையில் செல்போன் இருக்கிறது.

எதிலிருந்து தொடங்குவது? கோயிலிலிருந்தோ கல்லிலிருந்தோ வேண்டாம் என்பேன். ஆயாவிடமிருந்து தொடங்குங்கள். ஆயாவின் பெயர், அவர் பிறந்த ஊர். அவருடைய அம்மாவின் பெயர், அவர் எந்த ஊரிலிருந்து கட்டிக்கொடுக்கப்பட்டு வந்தார். அவருடைய அம்மா. மூன்று தலைமுறைக்கு மேல் போகாது, தெரியும். அப்பன் பெயர், பாட்டன் பெயர், பூட்டன் பெயர் என்று வீட்டில் கடகடவென்று ஒப்பிப்பார்கள். தாய்வழியில் மூன்றாவது பெயருக்கே தடுமாறுவார்கள். பரவாயில்லை, மூன்றே போதும். ஊரில் எல்லா வீட்டிலும் இப்படி எழுதி, பெண் வந்த ஊரையும் பெண் கொடுத்த ஊரையும் ஒரு தாளில் கோடு போட்டு இணையுங்கள். தார்ச்சாலை வருவதற்கு முந்தைய ஜவ்வாது மலையின் வரைபடம் அதுவாகத்தான் இருக்கும், ஏனென்றால் பெண்கள் நடந்து வந்த பாதை அது. இந்த வரைபடம் காக்ஸிடம் இல்லை, தொல்லியல் துறையிடம் இல்லை, மூன்று ஆட்சியர்களிடமும் இல்லை.

அடுத்து, நிலத்தின் பெயர்கள். பட்டாவில் புல எண்தான் இருக்கும். ஊரில் ஒவ்வொரு காட்டுக்கும் பாறைக்கும் ஓடைக்கும் மேட்டுக்கும் ஒரு பெயர் இருக்கும். சாமை விதைக்கிற காட்டின் பெயர், மாடு விழுந்து செத்த பள்ளத்தின் பெயர், பேய் அடித்த மரத்தின் பெயர். மாடு மேய்க்கிற ஆளோடு ஒரு பகல் சுற்றினால் அத்தனையும் கிடைக்கும். பெயருக்குப் பின்னால் ஒரு சண்டையோ சாவோ பஞ்சமோ இருக்கும், அதையும் கேளுங்கள். யார் சொன்னார், என்றைக்குச் சொன்னார் என்பதை ஓரத்தில் குறியுங்கள். இரண்டு பேர் இரண்டு மாதிரி சொன்னால் இரண்டையும் எழுதுங்கள். எது சரி என்று பஞ்சாயத்து பண்ண வேண்டாம். ஒருவர் பொய் சொல்கிறார் என்று தெரிந்தாலும் எழுதுங்கள், பொய்க்கும் ஒரு காரணம் இருக்கும்.

கல்லைப் பார்த்தால் பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்துப் படம் எடுங்கள், எழுத்து தெளியட்டும் என்று சாக்பீஸ் தேய்க்காதீர்கள், பெயின்ட் அடிக்காதீர்கள், கல்லை நகர்த்தாதீர்கள். மைப்படி எடுக்கத் தெரிந்தவர்கள் வரட்டும். இதற்கு மேல் கல்லைப் பற்றி நான் சொல்ல ஒன்றும் இல்லை. அதற்கென்று படித்தவர்கள் இருக்கிறார்கள், கூப்பிட்டால் வருகிறார்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் அண்ணனாகக் கொஞ்சம் கடுமையாகப் பேசுகிறேன். ஊர் வரலாறு என்று கிளம்புகிற பலர் கடைசியில் ‘நாங்கள் ஆண்ட பரம்பரை’ என்று போய் நிற்கிறார்கள். கீழே ஒவ்வொரு சாதிக்கும் ஒரு மாமன்னர் கிடைத்துவிட்டார், போஸ்டரும் அடித்தாகிவிட்டது. நடுகல்லில் குதிரை இருந்தால் அரசன், வாள் இருந்தால் தளபதி, அவன் எங்கள் ஆள். அந்த வழியில் நீங்களும் போனால் காஞ்சிபுரத்து ஏழு ஆண்களைப் பிடித்துக்கொண்டு, வேடர் பெண்களை இரண்டாவது முறையும் தொலைப்பீர்கள். கருந்தேவகத்தி அரசன் இல்லை. மாட்டுச் சண்டையில் செத்த ஒரு சாதாரண வேலைக்காரன். அவனுக்கும் அவன் நாய்க்கும் கல் நட்டவர்கள், ஆளின் அந்தஸ்தைப் பார்த்து நடவில்லை.

எழுதி முடித்தால் எங்கே கொடுப்பது என்று கேட்பீர்கள். அச்சுப் போடப் பணம் தேட வேண்டாம். நாற்பது பக்க நோட்டுப் போதும். மூன்று ஜெராக்ஸ் எடுங்கள். ஒன்று ஊர்ப் பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியரிடம், ஒன்று மாவட்ட மைய நூலகத்தில், ஒன்று சொன்னவர்கள் வீட்டில். சொன்னவர்கள் வீட்டுப் பிரதியைத் தபாலில் அனுப்பாமல் நீங்களே கொண்டுபோய், உட்கார்ந்து வாசித்துக் காட்டுங்கள். பாதி தப்பு அங்கேதான் திருந்தும், ‘அதைப் போய் ஏன் எழுதினாய்’ என்று சிலதை எடுக்கவும் சொல்வார்கள். எடுத்துவிடுங்கள். சந்தன விஷயத்தில் யார் பெயரையும் எழுதாதீர்கள், வழக்கு இன்னும் முடியாதவர்கள் இருக்கிறார்கள்.

எந்தக் காட்டில் இன்னும் நாலு சந்தன மரம் நிற்கிறது என்று யாராவது நம்பிச் சொன்னால், அதை நோட்டில் ஏற்ற வேண்டாம்.

அன்புடன்,
மலையடிவாரத்து அண்ணன் ஒருவன்